எனக்கு மட்டும் கேட்காத சத்தம்

இரண்டு வருடங்களுக்கு முன், சித்திரை வெயில் கொளுத்திய ஒரு மதியம். ஆரணியில் ஒரு பட்டுப்புடவைக் கடையின் மொட்டை மாடியில் நடந்தது இது.

நான் ஏசி மெக்கானிக். கடைகள், கல்யாண மண்டபங்களில் இருக்கும் பெரிய ஏசிகளைத்தான் அதிகம் பார்ப்பேன். ஆரம்பத்தில் எல்லாம் பிஸ்டன் கம்ப்ரசர்கள், தடதடவென்று ஓடும். நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை அதன்மேல் வைத்து, பிடியைக் காதோடு அழுத்தினால், உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அப்புறம் ஸ்க்ரோல் கம்ப்ரசர்கள் வந்தன. பிஸ்டனுக்குப் பதிலாக உள்ளே இரண்டு சுருள்கள்; சத்தம் மிகக் குறைவு. காதில் எதுவும் விழாதபோதெல்லாம், புது மெஷின் அப்படித்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மனைவி இறந்தபின் தனியாகத்தான் இருக்கிறேன். மகள் ஓசூரில். போனில் அவள் பேசுவது பாதி புரியாது. சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவேன். டீக்கடையில் நண்பர்கள் சிரித்தால் எதற்கென்று தெரியாமலே நானும் சிரிப்பேன். அது கஷ்டமாக இருக்கவே அங்கே போவதை நிறுத்தினேன். சர்ச்சில் கடைசி வரிசைக்கு நகர்ந்தேன். பிறகு அங்கேயும் போகவில்லை. மனைவி போன துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அன்று அந்தக் கடை ஏசியில், கம்ப்ரசருக்குக் கரண்ட் கொடுக்கும் கான்டாக்டர் கருகியிருந்தது. புதிது மாற்றி, ஒயர்களை மாட்டி, ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. கம்ப்ரசரில் கை வைத்தேன், அதிர்வு இருந்தது. கேஸ் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டியிருந்தும் அதைப் பார்க்காமல் சாமான்களைப் பையில் எடுத்து வைக்க ஆரம்பித்தேன்.

தற்செயலாகத் திரும்பினால் பின்னால் ஒரு பெண். கடையில் புடவை எடுத்துக் காட்டுகிறவர். ஊழியர்கள் சாப்பிடும் அறை மாடியில்தான் இருந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்திருந்தார். ஒரு கையில் சோற்றுப் பருக்கை, இன்னொரு கையால் காதைப் பொத்தியிருந்தார். ரொம்ப நேரமாக என்னைக் கூப்பிட்டிருக்கிறார் என்பது முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"சரியாத்தாம்மா ஓடுது" என்றேன்.

கம்ப்ரசரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகத்திலிருந்த கோபம் அப்படியே போய்விட்டது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் காதில் வைத்தேன். எங்கோ தூரத்தில் யாரோ முனகுவது மாதிரி இருந்தது. கேஜைப் பார்த்தேன். கம்ப்ரசர் வேலை செய்தால் ஒரு முள் இறங்கி இன்னொன்று ஏற வேண்டும். இரண்டும் அசையாமல் நின்றன.

மூன்று ஒயர்களில் இரண்டை இடம் மாற்றி மாட்டியிருக்கிறேன். கம்ப்ரசர் எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருந்தது. அப்படிச் சுற்றும்போது அது போடும் சத்தம் தெருவுக்கே கேட்கும். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் உள்ளே சூடேறி வீணாகியிருக்கும். கரண்டை நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். தரை சுட்டது, எழுந்திருக்கத் தோன்றவில்லை. காது கேட்காத மெக்கானிக்கை இனி யார் கூப்பிடுவார்கள்?

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரே குந்தினார். உதடு தெரியும்படி மெதுவாகப் பேசினார்.

"காது கேக்கலையாண்ணா?"

பொய் வரவில்லை. தலையாட்டினேன்.

"எங்கப்பாவும் இப்படித்தாங்க. ரைஸ் மில்லுல மெஷினாண்டயே நின்னுகினு இருந்தாரு. கேக்கலன்னு யாராண்டயும் சொல்லல. நாங்க பேசிகினு இருந்தா எழுந்து போயிடுவாரு. கோவம்னு நெனச்சி நாங்களும் பேசறத வுட்டுட்டோம். அவரு செத்தப்புறந்தான் புரிஞ்சுது."

அதற்குள் முதலாளி படியேறி வந்துவிட்டார். என்ன சத்தம் என்று கேட்கிறார் என்பது அவர் கையாட்டலில் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் ஏதோ சொன்னார். முதலாளி தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ஒயர் மாறிகினு இருந்துச்சு, அண்ணனே நிறுத்திட்டாருன்னு சொன்னேன். நீங்க வேலூருக்குப் போயி காது டாக்டரப் பாருங்க."

ஒயர்களைச் சரியாக மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். முட்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும்வரை அவர் பக்கத்திலேயே நின்றார். சத்தம் சரியாக இருக்கிறது என்று கையால் காட்டிவிட்டுத்தான் மிச்சச் சோற்றைச் சாப்பிடப் போனார்.

அடுத்த வாரமே கண்ணமங்கலம் வழியாக வேலூர் பஸ் ஏறினேன். காதுக்குக் கருவி வைத்தார்கள். மகளிடம் உண்மையைச் சொன்னபோது வெகுநேரம் அழுதாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். விட்டுப்போன நண்பர்களில் சிலர் திரும்பி வரவில்லை. வீட்டில் தட்டு வைக்கும் சத்தம்கூட இப்போது கேட்கிறது. பேச ஆளில்லை என்பதும் சேர்ந்தே கேட்கிறது.

மறுபடி அந்தக் கடைக்கு சர்வீஸுக்குப் போனபோது அவர் வேலையை விட்டுப் போயிருந்தார். நான் பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை. ஆனால் யாராவது கூப்பிட்டும் திரும்பாமல் போனால், திமிர் என்று நான் இப்போது நினைப்பதில்லை. சுற்றிப் போய் அவர் எதிரே நின்று இன்னொரு முறை கூப்பிடுகிறேன்.