மருந்து வைத்தவள்

போன வருடம் ஆடி மாதம், விழுப்புரத்தை அடுத்த கெடார் பக்கத்தில் இருக்கும் என் மாமியார் ஊரில் கூழ் ஊற்றும் திருவிழா நடந்தது. அந்த ஊருக்குள் போகும்போது நான் சாதாரண மருமகள். திரும்பும்போது புருஷனுக்கு மருந்து வைத்தவள். எங்கள் பக்கத்தில் ‘மருந்து வைப்பது’ என்றால் வைத்தியம் இல்லை. ஓர் ஆண்பிள்ளையைத் தன் சொல்படி ஆட வைப்பதற்காக, சோற்றிலோ குழம்பிலோ ஒருத்தி எதையோ கலந்து கொடுத்துவிடுவது. அந்தப் பெயர் ஒருமுறை வந்துவிட்டால் லேசில் போகாது.

நாங்கள் திண்டிவனத்தில் வாடகைக்கு இருக்கிறோம். என் கணவர் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் செய்கிறார். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவர் கைவேலைதான். அந்தக் கைதான் காலையில் மவுஸைப் பிடிக்க முடியாமல் நடுங்கும். கொஞ்சம் குடித்தால்தான் நிற்கும். எங்கள் மகள் அப்போது அங்கன்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். வாசலில் அவருடைய பைக் சத்தம் கேட்டதும், விரித்துப் போட்டிருந்த விளையாட்டுச் சாமான்களை அவளாகவே வாரி மூலையில் வைத்துவிடுவாள். யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

ஒருநாள் அவர் கூடவே குடித்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். அவருக்கான அஞ்சலி பேனரை இவர்தான் செய்ய வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து, “அவன் போட்டோவ கட் பண்ணும்போது என் மூஞ்சியையே கட் பண்ற மாதிரி இருந்துச்சுடி” என்றார். அந்த வாரமே விழுப்புரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். அதற்கு என் கணவர் எனக்குப் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. “பைத்தியக்கார டாக்டராண்ட போய்க்கினு இருக்கேன்னு தெரிஞ்சா அம்மா தாங்காது. யார்கிட்டயும் வாயத் தொறக்காத.” நான் சரி என்றேன். அவர் சிகிச்சைக்கு வருவதே பெரிய விஷயம் என்று அன்று தோன்றியது.

மருத்துவர் ஒரு பெண்மணி. ரத்தப் பரிசோதனைகள் செய்தார். சில நாள் உள்நோயாளியாக வைத்து நடுக்கம் அடங்கிய பிறகு, குடிக்கும் ஆசையைக் குறைக்கும் மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார். “ஜுரத்துக்குப் போடற மாத்திரை மாதிரி நெனச்சிடாதீங்க. இது மெல்லத்தான் வேலை செய்யும். நடுவுல ஒரு நாள் குடிச்சுட்டார்னா, தோத்துட்டோம்னு நிறுத்திடாதீங்க. என்கிட்ட வாங்க” என்று என்னிடம்தான் சொன்னார்.

நான் வேதியியல் படித்தவள். அவர் சொன்னது நன்றாகவே புரிந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தால் புத்தி வேறு மாதிரி வேலை செய்தது. இவர் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துவிட்டாரோ என்று சந்தேகப்படுவேன். சட்டையைத் துவைப்பதற்கு முன் முகர்ந்து பார்ப்பேன். முதல் வாரங்களில் அவருக்குக் குமட்டலும் சோர்வும் இருந்தன. யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான்தான் வற்புறுத்தி இவரை இப்படி ஆக்கிவிட்டேனோ என்று பயம் வரும். பக்கத்து வீட்டு அக்கா, அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்க ஒரு பொடி இருக்கிறது, வாங்கித் தரட்டுமா என்றார். மருத்துவரிடம் கேட்டபோது, சொல்லாமல் எதையும் கலந்து கொடுத்தால் உயிருக்கே ஆபத்து என்று கண்டிப்பாக மறுத்துவிட்டார். அந்த அக்காவிடம் அதையே சொல்லி வேண்டாம் என்றேன். கலக்க மாட்டேன் என்று சொன்ன எனக்குத்தான் பிறகு அந்தப் பெயர் வந்தது.

இடையில் ஒருநாள் குடித்துவிட்டு வந்தார். நான் கத்தினேன், அழுதேன், எல்லாம் வீண் என்றேன். மறுநாள் மருத்துவர் பதறவே இல்லை. எவ்வளவு குடித்தீர்கள் என்று மட்டும் கேட்டார்.

“பாதியிலயே வச்சிட்டேன் மேடம். முன்ன மாதிரி ஏறவே இல்ல” என்றார் இவர்.

“மாத்திரை அதத்தான் செய்யுது” என்று சிரித்தார் மருத்துவர். அன்றுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அதன் பிறகு கை நடுக்கம் இல்லை. மகள் அவர் முதுகில் ஏறி விளையாடத் தொடங்கியிருந்தாள்.

இந்த நிலையில்தான் ஆடித் திருவிழாவுக்குப் போனோம். காலையில் கூழ் குடித்து முடித்ததும், அட்டையோடு கொடுத்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று, மாத்திரையைப் பிரித்துக் காகிதத்தில் மடித்து அவர் கையில் வைத்தேன். அவரும் சட்டென்று வாயில் போட்டுக்கொண்டார். அதை மாமியார் கதவோரம் நின்று பார்த்திருக்கிறார். அப்போது எனக்குத் தெரியாது.

அன்று மத்தியானம் நாத்தனாரின் கணவர் இவரைக் கொல்லைப்புறம் கூப்பிட்டார். “மச்சான், ஜல்தியா வா. ஒரு கட்டிங் போட்டுக்கினு வந்துடலாம்.”

“வேணாம் மாமா.”

“இன்னாது, வேணாமா? உடம்புகிடம்பு சரியில்லியா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா. அவ திட்டுவா.”

அங்கே இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “போச்சுடா! பொண்டாட்டி மருந்து வச்சிட்டாடா இவனுக்கு. பூனைக்குட்டியாட்டம் சுத்தறான் பாரு.” இவரும் சேர்ந்து சிரித்தார். ‘நானே விட்டுவிட்டேன்’ என்று சொல்லியிருக்கலாம். என் பேரைச் சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்தது. அந்தக் கேலியும் காலையில் பார்த்த காகித மடிப்பும் மாமியார் மனதில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன.

சில நாள் கழித்து மாமியார் திண்டிவனம் வந்தார். வந்தவர் அடுப்படியை விட்டு நகரவில்லை. “நவுரு, உப்பு நான் போடறேன்” என்பார். நான் தாளித்தால் எட்டிப் பார்ப்பார். வயதானவர், மகனுக்குச் சமைத்துப் போட ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, செஞ்சிப் பக்கத்தில் அம்மன் கோயிலில் வேண்டுதல் இருக்கிறது என்று எங்கள் எல்லோரையும் ஆட்டோவில் அழைத்துப் போனார். ஆட்டோ கோயிலைத் தாண்டி ஓர் ஓட்டு வீட்டின் முன் நின்றது. அங்கே எங்களைப் போல இன்னும் சில குடும்பங்கள் காத்திருந்தன. எல்லார் கையிலும் எலுமிச்சம்பழம். அது, வைத்த மருந்தை வயிற்றிலிருந்து எடுக்கிறவர் வீடு என்று அப்போதுதான் புரிந்தது.

அந்த ஆள் என் கணவரை மணையில் உட்கார வைத்து நாடியைப் பிடித்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். “யார் கையால சாப்புடற?”

“வூட்லதான்.”

“வூட்லன்னா யாரு? பேரச் சொல்ல வேணாம். மொறையச் சொல்லு.”

மாமியார் என்னைக் காட்டினார். அங்கே இருந்த எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இடுப்பில் இருந்த மகள் பயந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “எம் புள்ளைய இன்னாடி பண்ண? காயிதத்துல மடிச்சி இன்னாத்தக் குடுத்த? என் ரெண்டு கண்ணால பாத்தேன்” என்று மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்.

அந்த அழுகை நடிப்பு இல்லை. பிள்ளை போய்விடுவானோ என்று பயந்தவரின் அழுகை. அதனால்தான் உண்மையைச் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன். “நான் மருந்துதான் குடுத்தேன் அத்தே, ஆனா...” என்று தொடங்கினேன். அந்த நொடியில் இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வேண்டாம் என்று கெஞ்சிய பார்வை. அதைக் கண்டு நான் நிறுத்திக்கொண்டேன். மிச்சத்தை அவரே சொல்வார் என்று ஒரு கணம் காத்திருந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“கேட்டீங்களா? அவளே ஒத்துக்கினா!” என்றார் மாமியார். மாத்திரை என்று தொடங்கியிருக்கலாம். டாக்டர் என்று தொடங்கியிருக்கலாம். அத்தனை வார்த்தைகள் இருக்க, அந்த வார்த்தைதான் என் வாயில் முதலில் வந்தது.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏதோ ஒரு பச்சிலைச் சாற்றைக் குடிக்க வைத்தார்கள். இவர் குடல் வெளியே வருவது போல வாந்தி எடுத்தார். அந்த ஆள் அதில் கைவிட்டுக் கறுப்பாக, முடி சுற்றியது போல ஓர் உருண்டையை எடுத்துக் காட்டினார். அது அவர் கையிலேயே இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். என் கணவருக்கும் தெரியும். ஒரு மண்டலத்துக்கு வேறு எந்த மருந்தும் உள்ளே போகக் கூடாது, அம்மா கையால் மட்டும் சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டில் மாமியார், எதற்கான மாத்திரை என்று கேட்காமலே எல்லாவற்றையும் தேடி எடுத்துச் சாக்கடையில் போட்டார். நான் இவரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். “கொஞ்ச நாள் போவட்டும். அம்மா ஊருக்குப் போனதும் போட்டுக்கறேன். இப்பதான் ஆசையே இல்லியே” என்றார். ஆசை இல்லாததற்குக் காரணமே மாத்திரைதான் என்று சொன்னேன். மருத்துவரிடமாவது போவோம் என்றேன். அம்மாவை வைத்துக்கொண்டு எப்படிப் போவது என்றார்.

ஆசை திரும்பி வருவதற்கு அதிக நாள் ஆகவில்லை. முதலில் கடையிலிருந்து தாமதமாக வந்தார். பிறகு வாசனையோடு வந்தார். மாமியாருக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. “ஆம்பளன்னா அப்படி இப்படித்தான் இருப்பான். இப்பதான் வாய் விட்டுப் பேசறான், சிரிக்கறான். எம் புள்ள எனக்குத் திரும்பக் கெடச்சிட்டான்” என்று போனில் நாத்தனாரிடம் சொன்னதை நான் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டேன். மகள் மறுபடியும் விளையாட்டுச் சாமான்களை வார ஆரம்பித்தாள்.

ஐப்பசி மழையின்போது இவருக்குக் காய்ச்சல். ஒருநாள் முழுக்க எழுந்திருக்க முடியவில்லை, குடிக்கவும் போகவில்லை. அடுத்த நாள் கட்டிலிலேயே வலிப்பு வந்துவிட்டது. பல்லைக் கடித்து, கண் செருகி, வாயோரம் ரத்தம். மாமியார், “யாரோ மறுபடியும் வச்சிட்டாங்கோ” என்று அலறினார். நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். விழுப்புரத்துக்கே கொண்டுபோனோம்.

அங்கே பார்க்க வந்தது அதே மருத்துவர். தினமும் குடித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரும், அதனால்தான் நிறுத்துவதையும் வைத்தியத்தோடு செய்யச் சொல்கிறோம் என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நல்லா வந்துக்கிட்டிருந்தாரே, மருந்தை ஏன் நிறுத்தினீங்க?” என்று கேட்டார்.

மாமியார் முந்திக்கொண்டார். “அந்த மருந்தாலதான் டாக்டரம்மா எல்லாம். இவதான் வச்சா. இவ வாயாலயே சொன்னா.”

மருத்துவர் ஒரு நிமிடம் குழம்பிப்போய், பிறகு புரிந்துகொண்டார். “நீங்க சொல்ற மருந்து எனக்குத் தெரியாதும்மா. காலையில காலையில இவங்க குடுத்த மருந்து நான் எழுதிக் குடுத்தது. குடியை விடறதுக்கு. உங்க பையன்தான் கேட்டு வாங்கிக்கிட்டார்.”

மாமியார் மகனைப் பார்த்தார். “ஏண்டா, டாக்டரம்மா சொல்றது மெய்யாடா?”

இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, “அசிங்கமா இருந்துச்சும்மா” என்றார்.

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்னிடம் மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். “அவன்தான் சொல்லல. படிச்ச பொண்ணு, நீயாவது முழுசா சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?” என்றார். அன்றிலிருந்து எனக்கும் அந்தக் கேள்விதான். பேசி முடித்திருந்தால் வலிப்பு வந்திருக்காதோ? அல்லது ரகசியத்தை உடைத்துவிட்டாள் என்று கோபித்துக்கொண்டு அவர் சிகிச்சையையே விட்டிருப்பாரோ? எந்தப் பக்கம் யோசித்தாலும் குற்றம் என் மடியில்தான் வந்து விழுகிறது.

மாத்திரையை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தோம். இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. நடுவில் ஓரிரு முறை தவறினார். நான் கத்தவில்லை. மருத்துவரிடம் அழைத்துப்போனேன். எப்போது நிறுத்தலாம் என்று நானும் இப்போது கேட்பதில்லை. தினமும் காலையில் மாமியார் போன் செய்து, “மாத்திர போட்டுக்கினானா?” என்று விசாரிக்கிறார். இந்த வைத்தியத்தையே அவர்தான் கண்டுபிடித்தது போல இருக்கும் அந்தக் குரல்.

சமீபத்தில் மாமியார் ஊரில் சொந்தக்காரப் பெண் ஒருத்திக்கு வளைகாப்பு. நான் சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு பந்தியில் பரிமாறப் போனேன். ஒரு பெண் இலையின் மேல் கையை விரித்து மறைத்து, “போதும்மா” என்றாள். அவள் இலையில் வெறும் சோறுதான் இருந்தது. அடுத்தவளும் போதும் என்றாள். நாத்தனார் வந்து, சிரித்துக்கொண்டே என் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டார். எதிர்வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர் எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசையத் தொடங்கினார்.

அவர் குடிக்காமல் இருப்பதே போதும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது பொய் இல்லை. ஒரு மாத்திரை வேலை செய்வதற்கு எத்தனை மாதமானாலும் காத்திருக்க நான் பழகிவிட்டேன். ஆனால், “அவ வைக்கல, நான்தான் கேட்டு வாங்கிப் போட்டுக்கினேன்” என்று அவர் ஒரே ஒரு முறை நாலு பேர் முன்னால் சொல்வதற்காகக் காத்திருக்கும்போது மட்டும், என் பொறுமை பொறுமைதானா, இல்லை எனக்கும் வாய் செத்துப்போய்விட்டதா என்று எனக்கே தெரியவில்லை.