பாட்டு முடிந்ததும் கிளம்பாதீங்க ஆன்ட்டி

சிங்கப்பூரில், பூன் லே வட்டாரத்தில் மாடி பஸ் ஓட்டும் அந்தோனியம்மாளுக்குக் கணீர்க் குரல். பின்னால் நகரச் சொல்லி அவர் ஒரு முறை கூப்பிட்டால் மாடித்தட்டில் இருப்பவரும் எழுந்து நகர்வார். அந்தக் குரலோடு முப்பது வருடமாக ஞாயிறு பூசையில் பாடுகிறார். பங்குக் கோயிலில் அவர் நற்கருணைப் பாட்டை எடுத்தால் அழுகிற பிள்ளைகூட வாயை மூடிக்கொள்ளும்.

அங்கே பாடகர் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு முடிந்த மறுநொடி உட்கார்ந்துவிட வேண்டும். பாட்டு ஆண்டவருக்கு, முடிந்த பிறகும் நின்றுகொண்டிருந்தால் அது நமக்கு. யாரும் கைதட்டுவதும் இல்லை. கணவர் சவரிராஜ், ஜூரோங் கப்பல் பட்டறையில் உழைத்து ஓய்வு பெற்றவர், முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்து கேட்பார். வீட்டுக்கு வரும் வழியில், “பரவால்ல லா,” என்பார். அவர் அகராதியில் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது.

ஒரு கல்யாணப் பூசைக்கு வந்திருந்த தர்ஷனா அந்தக் குரலைக் கேட்டாள். அதற்குப் பிறகு விடவில்லை. லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டு மாடியில் தமிழ் இசை நாடகம் தயாரித்துக்கொண்டிருந்த இளம் இயக்குநர் அவள். சிராங்கூன் சாலைப் பக்கம் மாட்டுக் கொட்டகைகள் இருந்த காலத்துக் கதை. கடைசிப் பசுவையும் விற்றுவிட்டு நிற்கும் பாப்பாத்தி என்ற பால்காரிக்கு இடைவேளைக்கு முன்னால் ஒரு பெரிய பாட்டு. ‘கயித்த அவுத்தாச்சு, கைவாசம் போகலையே’ என்று ஆரம்பிக்கும். அந்தப் பாட்டு அந்தோனியம்மாளுக்கு வந்தது.

ஒத்திகையில் பாடுவதில் குறையே இல்லை. முடிந்த பிறகுதான் வம்பு. கடைசிச் சுரம் அடங்குவதற்குள் அந்தோனியம்மாள் திரும்பிக் கிளம்பிவிடுவார். கைதட்டல் கேட்கும் நேரத்தில்தான் பின்னால் மாட்டுக் கொட்டகை செட்டைத் தள்ளிக்கொண்டு போவார்கள். இவர் நேராகப் போய் அதில் மோதினார். மறுநாளும் மோதினார்.

“ஆன்ட்டி, அடுத்த ஸ்டாப்புக்கு லேட்டாகுதா?” என்றாள் தர்ஷனா. “கதவ மூடிட்டு கிளம்பிடுறீங்களே! கொஞ்சம் நில்லுங்க. கைதட்டுறதும் பாட்டுல சேர்த்திதான்.”

கேட்டே ஆக வேண்டியவை என்று புகழ்பெற்ற மேடைப் பாட்டுகள் சிலவற்றை அவள் முன்பே வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருந்தாள். பஸ் முனையத்தில் ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் அந்தோனியம்மாள் அவற்றைக் கேட்டார். பேச்சு போதாமல் போகிற இடத்தில் ஒருத்தி பாட ஆரம்பிப்பதும், முடிக்கும்போது வேறு ஆளாக நிற்பதும் அவருக்கு ரொம்பப் பிடித்தன. ஒவ்வொன்றின் முடிவிலும் வந்த ஆரவாரத்தை மட்டும் இரைச்சல் என்று தள்ளிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிருந்தார்.

நிற்கத்தான் பார்த்தார். கால் கேட்கவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவருக்குக் கோயில் பழக்கம்.

“சனிக்கிழமை மத்தியானம் முதல் ஷோ. அன்னைக்கும் நீங்க நிக்கலன்னா பாட்ட எடுத்துடுவேன் ஆன்ட்டி. யாருக்காச்சும் அடிபட்டுடும்,” என்றாள் தர்ஷனா.

அந்தப் பாட்டு தனக்கு எவ்வளவு வேண்டும் என்பது அப்போதுதான் அந்தோனியம்மாளுக்குத் தெரிந்தது. வெட்கமாகவும் இருந்தது.

“நின்னா, கைதட்டுக்கு ஏங்குற மாதிரி இருக்காதாங்க?” என்று வீட்டில் கேட்டார்.

சவரிராஜ் மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே, “நின்னுதான் பாரேன்,” என்றார்.

சனிக்கிழமை பங்குக் கோயில் கூட்டம் அரங்கத்தின் முன்வரிசைகளை நிரப்பிவிட்டது. அந்தோனியம்மாள் பாடினார். என்ன பாட்டு அது! பாப்பாத்தி கயிற்றைக் கீழே போட்டபோது ஒருவரும் மூச்சுவிடவில்லை. கடைசிச் சுரம் அடங்கியது. அந்தோனியம்மாள் நின்றார்.

ஒரு சத்தமும் இல்லை. கோயில்காரர்கள் பழக்க தோஷத்தில் மடியில் கைவைத்துப் பக்தியோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்துப் பின்வரிசைகளும் தயங்கின. அந்தோனியம்மாளின் குதிகால் மெல்லத் திரும்பியது.

அப்போது ஒருவர் கைதட்டும் சத்தம் கேட்டது. இரும்போடு மல்லுக்கட்டிய கைகள். பட்டாசு வெடித்த மாதிரி இருந்தது. சவரிராஜ் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் பங்குக் கோயில் எழுந்தது, அப்புறம் அரங்கமே எழுந்தது. கொட்டகை யார் மீதும் இடிக்காமல் உள்ளே போய்ச் சேர்ந்தது. அந்தோனியம்மாளுக்குப் பெருமையில் நெஞ்சு நிறைந்துவிட்டது. விளக்கு அணைந்த பிறகும் அவர் நகரவில்லை.

“ஆன்ட்டி, போதும், உள்ள வாங்க!” என்று திரைமறைவில் தர்ஷனா அழுதுகொண்டே சிரித்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது ரயிலில், “எதுக்குங்க அப்படி எழுந்து நின்னீங்க?” என்று கேட்டார் அந்தோனியம்மாள்.

சவரிராஜ் சிவந்துபோன உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். “முப்பது வருஷமா கையக் கட்டிக்கிட்டே கேட்டேன். கோயில்ல தட்ட முடியுமா லா?”

மறுநாள் ஞாயிறு. நற்கருணைப் பாட்டு முடிந்ததும், முன்வரிசையில் கைகட்டி இருந்தவரை அந்தோனியம்மாள் ஒரு முறை பார்த்தார். பிறகு வழக்கம்போல உட்கார்ந்தார், கொஞ்சம் மெதுவாக.