யாரும் பார்க்காத சிவப்புக் கண்

மழை விட்டதும் எங்கள் பக்கம் கண்கள் சிவக்கும். ஒரு வீட்டில் வந்தால் தெரு முழுக்கச் சுற்றும். அதற்கு ஊர்ப் பெயரையே வைத்துவிட்டோம்: மெட்ராஸ் ஐ. அநேகமாக யாரும் டாக்டரிடம் போவதில்லை. மெடிக்கல் ஷாப்பில் ஒரு சொட்டு மருந்து, பிளாட்பாரத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடி, சில நாள் தனியறை. வந்தவரின் கண்ணை நேராகப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை. கை வழியாகத்தான் பரவும் என்று தெரிந்தவர்களும் பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

பொழிச்சலூரில் இருக்கும் அக்காவுக்கு வந்திருப்பதாக மாமா போனில் சொன்னபோது நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்காவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பம்மல் பக்கம் ஒரு காலி மனையில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுத் தருகிறாள். பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, நாய் வருகிறது, தண்ணீர் லாரி வருகிறது என்று முந்திச் சொல்ல வேண்டிய வேலை.

மறுநாள் மதியம் பார்க்கப் போனேன். மாமா ஹாலிலேயே நிறுத்தினார்.

"உள்ள ஹீரோயின் இருக்காங்க மச்சான். கூலிங் கிளாஸக் கழட்ட மாட்டேங்கறாங்க."

தட்டு, துண்டு எல்லாம் தனி. சாப்பாட்டைக் கதவருகே வைத்துவிட்டு வந்துவிடுவாராம். அன்று வைத்தது அப்படியே இருந்தது. காலையிலிருந்து இரண்டு முறை வாந்தி. பித்தம் என்று எலுமிச்சைச் சாறு கொடுத்திருந்தார்.

வாந்திதான் எனக்கு இடித்தது. போன மாதம் எனக்கும் மெட்ராஸ் ஐ வந்து போயிருந்தது. இரண்டு கண்ணிலும் மண் விழுந்தது போல உறுத்தல். விடிந்தால் இமையைப் பிரிக்க முடியாத பீளை. அவ்வளவுதான். வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அறை இருட்டாக இருந்தது. "எட்டி நில்லுடா, ஒட்டிக்கும்" என்று அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜன்னலைத் திறந்து, கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். வலது கண் மட்டும்தான் சிவந்திருந்தது. பீளை இல்லை. கருவிழி ஆவி படிந்தது போல மங்கியிருந்தது. வலி கண்ணோடு நிற்காமல் புருவத்தைத் தாண்டி மண்டை வரை போகிறது என்றாள். முந்தின நாள் சாயங்காலம் தெருவிளக்கைச் சுற்றிக் கலர் கலராக வளையம் தெரிந்ததாம். மழை ஈரம் என்று நினைத்திருக்கிறாள்.

இடது கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்ச்சுவர் காலண்டரில் தேதி பார்க்கச் சொன்னேன்.

"காலண்டர் எங்க இருக்கு?" என்றாள்.

மாமா அப்போதுதான் உள்ளே வந்தார். கண்ணைப் பார்த்தார். ஆட்டோ கூப்பிடப் போனார்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கண் மருத்துவமனை. சிவப்புக் கண்காரர்களுக்கு வராந்தாவில் தனி வரிசை போட்டிருந்தார்கள். எங்களையும் அங்கே அனுப்பினார்கள். ஒரே கண், வலி, வாந்தி, பார்வை தெரியவில்லை என்று நர்ஸிடம் சொன்னேன். வரிசையிலிருந்து நேராக உள்ளே அழைத்துப் போனார்.

கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் வழி அடைத்துக்கொண்டு அழுத்தம் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். இது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. இருட்டில் கண்பாப்பா விரியும். விரிந்தால் அடைப்பு இன்னும் இறுகும். இருட்டறையில் படுத்திருந்தார்களா என்று கேட்டார். பார்வை திரும்புமா என்று மாமா கேட்டார்.

"முதல்ல பிரஷர் இறங்கட்டும் சார். நரம்பு எவ்வளவு தாங்கியிருக்குன்னு இப்பவே சொல்ல முடியாது."

ஊசி, மாத்திரை, சொட்டு மருந்து. சாயங்காலத்துக்குள் வலி குறைந்தது. லேசரில் சின்னத் துளை போட்டு நீருக்கு வழி செய்ய வேண்டும், இடது கண்ணிலும் பாதை குறுகல்தான், அதற்கும் முன்கூட்டியே போட்டுவிடலாம் என்றார்கள். அக்கா கேட்டது ஒன்றுதான்: வண்டி ஓட்டலாமா? பக்கப் பார்வையைச் சோதித்த பிறகு சொல்வதாகச் சொன்னார்கள்.

லேசர் முடிந்த அடுத்த வாரம் அவளோடு தெருமுனை வரை நடந்தேன். நின்றிருந்த வண்டிகளின் எண்களை, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, வரிசையாக வாசித்துக்கொண்டே வந்தாள். ஒன்றின் கடைசி எண்ணை எட்டு என்றாள். மூன்று என்றேன். கிட்டே போய்க் குனிந்தாள், சேறு ஒட்டியிருந்தது. விரலால் துடைத்து, "மூணுதான்" என்றாள். அடுத்த வண்டிக்கு நகர்ந்தாள்.