பின்பக்கம் ஒரு சிவப்பு பட்டன்

போன வியாழக்கிழமை சின்னசேலம் பக்கம் ஒரு இன்ஜினீயரிங் காலேஜுக்குப் போயிருந்தேன். சிறப்பு விருந்தினராக! சிரிக்காதீர்கள். வாராவாரம் இந்தப் பக்கத்தில் எதையாவது எழுதுகிறேன் என்பதற்காக மட்டும் அவர்கள் கூப்பிடவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பதினாறு வருஷம் செல்போன் கடை நடத்தியவன் என்பதற்காகவும்தான்.

பொன்னாடை, பூங்கொத்து, பிஸ்கட், டீ எல்லாம் முடிந்து மாணவர்கள் ஒவ்வொருவராகப் பேச வந்தார்கள். நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். நாலாவதாக ஒரு பெண். கீர்த்தனா என்று பெயர். மூன்றாம் வருஷம். ‘ஒரு கம்பெனியின் வெற்றிகளும் தோல்விகளும்’ என்பது தலைப்பு. ஸ்கிரீனில் அந்தக் கம்பெனியின் லோகோ வந்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

என் கடை போர்டில் பதினாறு வருஷம் இருந்த லோகோ அது.

கம்பெனி பெயர் வேண்டாமே... இப்போது அது கைமாறி, வேறு பெயரில், சீலிங் ஃபேன் விற்றுக்கொண்டிருக்கிறது. பாவம், பிழைத்துப் போகட்டும்.

கீர்த்தனா ஒவ்வொரு பொருளாகக் காட்டினாள். ஜெயித்தால் பச்சை டிக். தோற்றால் சிவப்புப் பெருக்கல் குறி.

முதலில் ரெண்டு சிம் போன். பச்சை. நியாயம்தான். ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாலு நாள் நிற்கும். வரப்பில் விழுந்தாலும் தட்டிவிட்டுப் பேசலாம். கரும்பு வெட்டப் போகிறவர்களும் லாரி ஓட்டுகிறவர்களும் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள்.

அடுத்தது தண்ணீரில் விழுந்தாலும் பேசும் போன். சிவப்பு. அதுவும் நியாயம்தான். கடை வாசலில் கூட்டம் கூட்டி, நானே ஒரு பக்கெட் தண்ணீரில் போட்டு டெமோ காட்டினேன். வெளியே எடுத்தால்... மௌன விரதம்! பஸ் ஸ்டாண்டே கைதட்டியது. ரெண்டு வாரம் டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை.

மூன்றாவது, மோட்டார் ஸ்டார்ட்டர். பெரிய பச்சை. கிணற்றடியில் மாட்டுகிற ஒரு பெட்டி. உள்ளே ஒரு சிம். வீட்டில் இருந்தபடியே ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும். மும்முனை கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று காட்டுக்கும் வீட்டுக்கும் நடந்து செருப்பு தேய்ந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! ஒருவர் எனக்கு ஒரு தார் வாழைப்பழமே கொண்டுவந்து கொடுத்தார்.

நாலாவது ஸ்லைடில் ஒரு வெள்ளைப் போன். பெரிய பெரிய எண்கள். பின்பக்கம் ஒரு சிவப்பு பட்டன். படத்தின் குறுக்கே சிவப்புப் பெருக்கல் குறி.

“பெரியவங்களுக்கான அவசர போன். ரெண்டே வருஷத்துல நிறுத்திட்டாங்க. ஏன்னா இதை யாருமே வாங்கலை” என்றாள் கீர்த்தனா. ஹாலில் சிரிப்பு.

யாருமே வாங்கலையா? நான் வாங்கினேனே... என் அக்காவுக்கு.

அக்கா பெயர் அஞ்சலை. என்னைவிடப் பத்து வயசு பெரியவள். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் எனக்குத் தலை பின்னாமல் விட்டாளே தவிர, மற்ற எல்லாம் செய்தவள் அவள்தான். கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில், நாங்கள் பிறந்த ஊரிலேயே இருந்தது அவள் வீடு. அத்தான் இறந்து பல வருஷம். ஒரே மகன் மணி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அக்கா களை எடுப்பு, நடவு என்று கூலி வேலைக்குப் போவாள். ஒரு பசு மாடு வைத்திருந்தாள். தனியாகத்தான் இருந்தாள்.

ஒரு தடவை காட்டில் மயக்கம் போட்டு விழுந்துவிட்டாள். பிரஷர் ஜாஸ்தி என்றார்கள். அதே வாரம் கடைக்கு இந்த போன் வந்தது. இது அக்காவுக்காகவே செய்தது என்று நினைத்தேன். முதல் பீஸை எடுத்துக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குப் போனேன்.

“எதுக்குடா தம்பி இதெல்லாம்? எனுக்கு இன்னா ஆவப்போவுது?”

“ஆவுற அன்னிக்கு அமுக்குக்கா. மூணு எண்ணுற வரைக்கும் அமுக்கிப் புடி. அது கத்தும். அப்புறம் அஞ்சு பேருக்கு ஒருத்தர் மாத்தி ஒருத்தருக்கு போன் போட்டுக்கினே இருக்கும். யாராச்சும் எடுத்துட்டா நின்னுடும்.”

“யாரும் எடுக்கலன்னா?”

“அஞ்சு பேர்ல ஒருத்தர்கூடவா எடுக்க மாட்டாங்க?” என்று சிரித்தேன்.

அஞ்சு நம்பரையும் நானே போட்டேன். முதல் நம்பர் நான். அப்புறம் மகன் மணி. பக்கத்து வீட்டுச் செல்வி. ஊரில் ஜீப் ஓட்டுகிற ராஜி. கடைசியில் சுகாதார நிலையத்து நர்சம்மா.

அஞ்சாம் நாள் காலையில் என் போன் அலறியது. எடுத்தால் வெறும் கூவல்தான் கேட்டது. ராஜிக்கும் மணிக்கும் சொல்லிவிட்டு, ஷட்டரை இறக்கி, பைக்கில் பறந்தேன். ராஜி கரியாலூர் அருவிக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தவன், எல்லாரையும் இறக்கிவிட்டு ஜீப்போடு வந்தான். மணி மெஷினை நிறுத்திவிட்டுத் திருப்பூரில் பஸ் ஏறிவிட்டான்.

மரவள்ளிக் காட்டுக்குள் விழுந்தடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால்... அக்கா கையில் களைக்கொத்தோடு நின்றாள்.

“இன்னாடா, எல்லாரும் கும்பலா வந்துக்கினு இருக்கீங்க? இது சும்மா கூவுது. எப்பிடி நிறுத்துறதுன்னு தெரியல.”

கூட வேலை செய்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். மணியை மட்டும் பாதி வழியில் இறங்கித் திரும்பிப் போகச் சொன்னோம்.

என்ன நடந்தது தெரியுமா? எங்கள் ஊர்ப் பெண்கள் வேலைக்குப் போகும்போது போனைப் புடவை மடிப்புக்குள் இடுப்பில் செருகிக்கொள்வார்கள். குனிந்தால் இடுப்பெலும்பு அழுத்தும். களை எடுப்பவள் மூணு எண்ணும் வரைக்குமா குனிவாள்? முன்னூறு எண்ணும் வரை குனிந்துதான் இருப்பாள்! பட்டன் பின்பக்கம். முடிந்தது கதை.

கம்பெனி ஏரியா மேனேஜர் சென்னையிலிருந்து வந்தபோது சொன்னேன். பட்டனை வேறு பக்கம் வைக்கச் சொல்லுங்கள் என்றேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, “ஹேண்ட்பேக்ல வெச்சுக்கச் சொல்லுங்க சார்” என்றார்.

களை எடுக்கப் போகிறவளுக்கு ஹேண்ட்பேக்!

அக்கா அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். சோடா மூடி ஒன்றை பட்டன் மேல் கவிழ்த்து, ரப்பர் பேண்ட் போட்டாள். அதைப் பிடுங்கிப் போட்டது நான்தான். “அவசரத்துல இதைக் கழட்டிக்கினு இருப்பியா?” என்று திட்டினேன். சரிடா என்றாள்.

அதனால் அது கூவிக்கொண்டே இருந்தது. வாரத்துக்கு ரெண்டு தடவை, மூணு தடவை. களை எடுக்கிற பெண்கள் அதை டீ நேரத்துக்கான மணியாக்கிவிட்டார்கள். “அஞ்சல போனு கூவிடுச்சு, வாங்கடி” என்று கொத்தைப் போட்டுவிட்டு வரப்பேறுவார்களாம். அக்காவே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

எனக்குத்தான் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. முதல் மாதம் ஒவ்வொரு தடவையும் எடுத்துப் பேசினேன். அப்புறம், பத்து நிமிஷம் கழித்துத் திருப்பிக் கூப்பிட்டேன். அப்புறம், சாயங்காலம் கூப்பிட்டேன். அப்புறம் ஒரு நாள் அந்த நம்பருக்கு மட்டும் ரிங்டோனை சைலன்ட்டில் போட்டேன்.

இதை எழுதுவதற்கே எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

அன்றைக்கு ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற நாள். முந்தின நாளே அக்கா பேசினாள்.

“நாளைக்குக் கூழு. கூழுக்கு நீ வூட்டுக்கு வந்து நாலு வருசம் ஆவுது. வந்துட்டுப் போயேன்டா.”

“பாக்குறேன்கா. ஞாயித்துக்கிழமைதான் கடைல கூட்டம்.”

கூட்டம்தான். சின்னசேலத்திலிருந்து ஒரு விவசாயி ஸ்டார்ட்டர் வாங்க வந்திருந்தார். நம்பிக்கை இல்லாத மனுஷர். “போன்ல எப்பிடிங்க மோட்டாரு ஓடும்?” என்று நாலு தடவை கேட்டுவிட்டார். ஸ்டார்ட்டரில் ஒரு பல்பை மாட்டி, மிஸ்டு கால் கொடுத்து எரிய வைத்துக் காட்டுவது என் வழக்கம். போனைக் கையில் எடுத்தேன். சத்தமில்லாமல் திரையில் ‘அக்கா’ என்று வந்தது.

“யாரோ கூப்புடுறாங்க பாருங்க” என்றார் அவர்.

“எங்க அக்காதாங்க. அது சும்மா தானா அடிக்கும்.”

கட் பண்ணினேன். ஸ்டார்ட்டர் நம்பரைப் போட்டேன். ஒரே ரிங். பல்பு எரிந்தது. அவர் முகமும் மலர்ந்தது. பில் போடும்போது மறுபடி ‘அக்கா’ என்று வந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

கூழ் ஊற்றுகிற நாளில் எங்கள் ஊரில் யாரும் காட்டில் கால் வைக்க மாட்டார்கள். கொத்தையும் மண்வெட்டியையும் தொட மாட்டார்கள். அப்படியென்றால் குனிந்து களை எடுக்காத நாளில் அந்த பட்டனை யார் அமுக்கியது? அதே ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்த ஒரு கேள்வி தோன்றவில்லை. தோன்றியிருந்தால் போதும்.

அக்கா கோயிலுக்குக் கிளம்பியவள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுப் போகலாம் என்று கொட்டகைக்குப் போயிருக்கிறாள். அங்கேயே விழுந்துவிட்டாள். வலது பக்கம் இழுத்துக்கொண்டது. இடது கையால் இடுப்பிலிருந்து போனை எடுத்து அமுக்கியிருக்கிறாள்.

மணி மெஷினில் இருந்தான். அவசர ஆர்டர், ஞாயிறும் வேலை. போன் அடித்தது தெரியும். எப்போதும் போலத்தான் என்று விட்டுவிட்டான். ராஜி மலைப்பாதையில் வளைவில் ஜீப்பைத் திருப்பிக்கொண்டிருந்தான். அவனும் அப்படியே நினைத்தான். நர்சம்மா மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார். புது ஊரில், பழைய தொல்லை என்று நினைத்திருப்பார். செல்வி போனை வீட்டில் வைத்துவிட்டுக் கூழ்ப்பானையோடு கோயிலுக்கு நடந்துகொண்டிருந்தாள்.

மத்தியானம் அக்காவுக்காகத் தூக்கில் கூழ் எடுத்துக்கொண்டு வந்த செல்விதான் அவளைப் பார்த்தது. அப்புறம்தான் எனக்கு வேறொரு நம்பரிலிருந்து போன் வந்தது. அந்த நம்பர் தெரியாத நம்பர் என்பதால் உடனே எடுத்தேன்.

கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர், “விழுந்த உடனே கூட்டிட்டு வந்திருந்தா...” என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

வராந்தாவில் செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “கேட்டுச்சுங்க அண்ணே. கோயிலுக்குப் போய்க்கினு இருக்கும்போது அது கூவுறது கேட்டுச்சு. எப்பவும் கூவுறதுதானேன்னு போய்ட்டேங்க. நான் பாவி.”

அவளை நான் என்ன சொல்லித் தேற்றுவது? அவளுக்காவது காதில்தான் விழுந்தது. நான் பேரைப் படித்துவிட்டுக் கட் பண்ணியவன். அதை அவளிடம் சொல்லவில்லை. மணியிடமும் சொல்லவில்லை.

ஒன்பது நாள் இருந்தாள். பேச்சு வரவில்லை. ஒரு நாள் இடது கையை என் முன்னால் நீட்டி, விரல்களை மூடி மூடித் திறந்தாள். எனக்குப் புரியவில்லை. தண்ணீரா, வலியா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். மறுபடி அதே. அப்புறம்தான் தெரிந்தது, பால் கறக்கிற மாதிரி காட்டுகிறாள். மாட்டை யார் பார்க்கிறார்கள் என்று கேட்கிறாள்.

“கறந்தாச்சுக்கா, தண்ணி காட்டியாச்சு” என்றேன்.

பொய். மாடு ஞாபகமே எனக்கு இல்லை. அவள் நம்பினாள். நான் சொல்வதை எல்லாம் அவள் எப்போதும் நம்புவாள். அந்தப் போனையும் அப்படித்தான் வாங்கிக்கொண்டாள்.

காரியம் முடிந்ததும் முதல் வேலையாகக் கடையில் மிச்சம் இருந்த வெள்ளைப் போன்களை எல்லாம் கம்பெனிக்கே திருப்பி அனுப்பினேன். கொஞ்ச நாளில் கம்பெனியும் அதை நிறுத்தியது. அப்போது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? போன் சரியில்லை, போன்தான் சரியில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு கம்பெனியின் தோல்விக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எவ்வளவு சுலபம்!

காலேஜில் நிகழ்ச்சி முடிந்ததும் கீர்த்தனா என்னிடம் வந்தாள்.

“சார், நீங்க அந்த வெள்ளைப் போன் வித்திருக்கீங்கதானே? அது ஏன் சார் ஃபெயில் ஆச்சு?”

“பட்டன் தப்பான எடத்துல இருந்துச்சும்மா” என்றேன்.

அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். “சூப்பர் பாயின்ட் சார்” என்றாள். ஒரு செல்ஃபியும் எடுத்துக்கொண்டாள்.

கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது தூரத்தில் மலை தெரிந்தது. சோளக்காட்டில் பெண்கள் வரிசையாகக் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னால் பார்க்க முடியவில்லை. அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர், தூசி என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினார்.

கீர்த்தனா, இந்தப் பக்கத்தை நீ படிப்பாயா என்று தெரியாது. படித்தால் அந்த நாலாவது ஸ்லைடிலிருந்து சிவப்புக் குறியை எடுத்துவிடும்மா. பட்டன் பின்பக்கம் இருந்தது உண்மைதான். ஆனால் வேண்டிய அன்றைக்கு அந்த போன் ஃபெயில் ஆகவில்லை.

அஞ்சு பேருக்கும் ரிங் போனது.