வேற மாத்திரை எதுனா?

கன்னியம்மா அக்காவுக்கு வாய் ஜாஸ்தி. சூப்பர்வைசரையே "இன்னா நைனா, ஊட்ல சோறு போடலியா?"ன்னு கேக்கும். அந்த வாய மூட வெச்சவ நான்தான். எம் பேரு சபீனா, அது பக்கத்துல நின்னு அதே வேலை செஞ்சவ.

அக்காவுக்கு மேனாம்பேட்டுல ஊடு. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுல கார் வயர் கட்டுற கம்பெனில பதினோரு வருசமா கான்ட்ராக்ட். அதுக்கு எம்.எஸ்னு ஒரு வியாதி. நரம்பு மேல கீற உறைய ஒடம்பே அரிச்சிடுமாம். நரம்பு டாக்டர் குடுத்த மாத்திரைய தெனம் ஒண்ணு முழுங்கிட்டு, லேசா கால இழுத்துகினு அது பாட்டுக்கு வேலை செய்யும். கம்பெனில எனக்கு மட்டுந்தான் தெரியும்.

போன வருசம் எங்க லைன்ல ஒருத்தரை பெர்மனென்ட் பண்ணுவாங்கன்னு பேச்சு. சீனியர் அக்காதான். அதுக்கு முன்னாடி ஹெல்த் கேம்ப் வெச்சாங்க. ரத்தம் பாத்த டாக்டர், கொழுப்பு ஏகத்துக்கும் கீது, மாத்திரை எழுதறேன்னாரு. "வேற மாத்திரை எதுனா சாப்பிடறியாம்மா?"

எச்.ஆர். சாரு பக்கத்துலயே நோட்டோட நின்னுகினு இருந்தாரு. அக்கா வாயத் தொறந்துச்சி. நான் பின்னாலருந்து முதுகுல கிள்ளுனேன். "இல்ல சார்"னுச்சி.

வெளிய வந்து என்னைத் திட்டுச்சி. "டாக்டராண்ட போயி பொய் சொல்ல வெச்சிட்டியேடி."

"பெர்மனென்ட் ஆனப்புறம் சொல்லிக்கோக்கா. இப்ப சொன்னா சீட்டு கிழிஞ்சிடும்"னேன். சரின்னு ரெண்டு மாத்திரையும் ஒழுங்கா முழுங்குச்சி.

மூணாவது வாரம் தொடை நோவுதுன்னுச்சி. அப்புறம் படி ஏற முடியல. மூத்திரம் காபி டிகாஷன் கணக்கா போவுதுன்னு பாத்ரூமாண்ட நின்னு சொல்லுச்சி. வியாதிதான் முத்திப்போச்சுன்னு நெனச்சோம். லீவு போட்டா லிஸ்ட்ல பேரு போயிடும்னு அது போடல. புருசன் வேம்புலி, "வேலைக்குப் போவச் சொன்னா நோவுதா? நல்லா நடிக்கிற"ன்னு காலால எட்டி எழுப்பி வுட்டானாம். பாவி.

ஒருநாள் லைன்லயே சுருண்டு வுழுந்துச்சி. ஆஸ்பத்திரில டாக்டரம்மா அதோட சாப்பாட்டுப் பையக் கவுத்தாங்க. ரெண்டு மாத்திரை அட்டை வுழுந்துச்சி. ஒண்ணு கேம்ப்ல எழுதினதுன்னேன். "இந்த நரம்பு மாத்திரை சாப்பிட்டா, இந்தக் கொழுப்பு மாத்திரை ரத்தத்துல ஏறிட்டே போகும். இவ்ளோ பெரிய டோஸ் தரவே கூடாது. சதை கரைஞ்சு கிட்னிய அடிச்சிடுச்சு. கேம்ப்ல ஏன் சொல்லல? யாரு சொல்லவேணாம்னது?"

அக்கா என்னைப் பாத்துச்சி. "யாரும் இல்லம்மா. மறந்துட்டேன்."

எனக்கு அங்கியே செத்துடலாம் போல இருந்துச்சி.

இப்ப வாரத்துக்கு ரெண்டு தபா டயாலிசிஸ். காலு நிக்கல. வேம்புலி ஊட்ட வுட்டே ஓடிட்டான். கம்பெனி நாலாம் நாளே அது பேரை அடிச்சிட்டு, அடுத்த சீனியருன்னு என்னை பெர்மனென்ட் பண்ணிடுச்சி. வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஞாயித்துக்கெழம பாக்கப் போனா, "வாடி பெர்மனென்ட்டு"ன்னு சிரிக்குது. திட்டினாக்கூட தாங்கிக்குவேன்.

எனக்கு வலிப்பு கீது. பத்து வருசமா மாத்திரை. அக்காவுக்குக்கூட சொன்னதில்ல.

போன மாசம் மறுபடி கேம்ப். டாக்டர் என்னமோ சளிக்கு எழுதிக்கினே, "வேற மாத்திரை எதுனா சாப்பிடறியாம்மா?"ன்னாரு. எச்.ஆர். சாரு நோட்டோட பக்கத்துல நின்னாரு. இந்தத் தபா என்னை யாரும் கிள்ளல.

"இல்ல சார்"னேன்.