புளிச்சக்கீரைக்காரர்

வேலிக்கு அந்தப்பக்கம் வளர்ந்திருந்ததைப் புளிச்சக்கீரை என்றே நம்பி, துவையலுக்கு ஒரு கட்டு கேட்டவன் நான். கலிபோர்னியாவின் டேலி சிட்டிக்கு நாங்கள் குடிவந்த 2005ஆம் ஆண்டு அது. நரைத்த தாடியும் கம்பளித் தொப்பியுமாக நின்ற பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "இது கஞ்சா. என் மனைவிக்கு கேன்சர். இதனாலதான் ரெண்டு வாய் சாப்பிடறா," என்று, அதை வளர்க்க மாநிலச் சட்டம் கேட்கும் டாக்டர் கடிதத்தைக் காட்டினார்.

தினமும் காலையில் ஒவ்வொரு செடியாகக் குலுக்கிப் பனி ஈரத்தை உதறுவார். குளிரைத் தாங்கும் குட்டையான இண்டிகா ரகம்தான். ஆனால் பூக்கள் நெருக்கமானவை. ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்துவிடும்; பிடித்தால் மருந்துக்கு ஆகாது.

அறுவடைக்கு முந்தைய வாரம் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். "மூணு நாள் மட்டும் காலையில நீங்க உதறிவிட முடியுமா?" என்றார். தலையாட்டிவிட்டேன்.

"கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணிட்டு கஞ்சாவுக்குத் தோட்டக்காரரா? மாநிலம் விட்டாலும் ஃபெடரல் சட்டம் விடாது. உங்களையே துவையல் அரைச்சிடுவாங்க!" என்றாள் என் மனைவி. திரைச்சீலையை இழுத்துவிட்டு, செடிப் பக்கமே போகாமல், போலீஸ் ஹெலிகாப்டர் சத்தம் கேட்கிறதா என்று மூன்று நாளும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போலீஸ் வரவில்லை. பூஞ்சை வந்தது. அவர் திரும்பி வந்து செடிகளை வேரோடு பிடுங்கி மூட்டை கட்டினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.