அம்மாவின் பல் பதிந்த பறி

என் இறால் நிறுவனத்தை மூடிய அன்று, அலுவலகச் சுவரில் அழகுக்காக மாட்டியிருந்த அம்மாவின் ஓலைப் பறியைக் கழற்றினேன். அதில் இன்னும் ஏரிச் சேற்றின் வாசனை இருந்தது. பிடிக்கயிற்றில் அவள் பல்தடமும் இருந்தது.

பழவேற்காடு ஏரியில் அம்மா ஆழமில்லாத தண்ணீரில் தவழ்ந்தபடி, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பாள். பிடித்த இறாலைப் போடும் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்திருப்பாள். கரையேறும் முன்பே வியாபாரி மறித்து, பறி அவள் வாயில் தொங்கும்போதே பெரிய இறால்களைப் பொறுக்குவார்.

"இன்னாமே, நான் சொல்ற வெல சரிதானே? பேசாம இருக்கியே, அப்போ சரிதான்" என்று சிரிப்பார்.

ஒருநாள் அம்மா வாயைத் திறந்தாள். பறி தண்ணீரில் விழுந்தது. இறால்கள் சிதறி ஓடின.

"இப்போ பொறுக்கிக்கோ நைனா. நானும் வெல சொல்றேன்" என்றாள்.

அன்று வீட்டில் குழம்பு இல்லை. எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது.

நிறுவனம் தோற்றதற்கு மூன்று காரணங்கள் எழுதி வைத்திருந்தேன்: புயல், ஐஸ் தட்டுப்பாடு, மின்வெட்டு. எல்லாம் சால்ஜாப்பு. இறால் வாங்க நான் உருவாக்கிய செயலியில் விலையை நாங்கள் மட்டுமே போட்டோம். ஏரிக்கரைப் பெண்களுக்கு 'சம்மதம்' என்று ஒரே ஒரு பொத்தானை வைத்தேன். அதன் வேகத்தைப் பாராட்டி விருது தந்தார்கள். வெட்கமில்லாமல் மேடையேறி வாங்கினேன். அந்தப் பெண்கள் ஒவ்வொருவராக விற்பதை நிறுத்தினார்கள். வியாபாரி நின்ற இடத்தில் போய் நின்றுகொண்டு, அதை வெற்றி என்று நம்பியிருக்கிறேன்.

மூன்று காரணங்களையும் அடித்துவிட்டு ஒரே வரி எழுதினேன்: பேச விடவில்லை.